லோமனின் காற்றும் ரோஸ்விதாவின் எட்டு மீன்களும்

எக்கார்ட் லோமன் நான் நடத்துகிற சாப்பாட்டு விடுதிக்குள் நுழைந்தால் முதலில் ஜன்னலைத் திறப்பார். வணக்கம் சொல்வது அதற்குப் பிறகுதான். வெளியே பனி கொட்டினாலும் சரி, பக்கத்து மேசையில் யாராவது காய்ச்சலோடு பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தாலும் சரி, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். "இங்க மூச்சே விட முடியல மார்லீஸ். நீங்க எல்லாம் எப்படித்தான் உயிரோட இருக்கீங்களோ!" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கதவையும் அகலமாகத் திறந்து கொக்கி மாட்டுவார். ஜன்னல் மூடியிருந்ததால்தான் உயிரோடு இருந்தோம் என்று சொல்ல எனக்கு வாய் துறுதுறுக்கும். சொல்லியும் இருக்கிறேன். அவர் காதில் ஏறியதில்லை. அங்கேயும் காற்றுதான் போல.

எங்கள் ஜெர்மனியில், இந்த ரூர் மண்ணுக்கு அடியில் நிலக்கரி வெட்டிய காலத்தில் லோமன் காற்று மேஸ்திரி. சுரங்கத்துக்குள் எந்தப் பக்கம் காற்றை அனுப்புவது, எந்தக் கதவை மூடுவது, கெட்ட காற்று எங்கே தேங்கி நிற்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. நன்றாகத்தான் பார்த்தார், அதில் பொய்யில்லை. என் அண்ணன் இருபது வருஷம் அவர் அனுப்பிய காற்றைத்தான் சுவாசித்தான். "என் பகுதியில ஒருத்தன்கூட மூச்சுத் திணறிச் சாகல" என்பது லோமன் வாயில் வாரத்துக்கு இரண்டு முறையாவது வரும். அதைச் சொல்லும்போது மட்டும் யாரும் அவரைக் கேலி செய்ய மாட்டோம், நான் உட்பட. பிறகு சுரங்கத்தை மூடினார்கள். காற்றுக்காக எண்ணூறு பேர் காத்திருந்த மனிதருக்கு, காற்று கொடுக்க மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள். அது அவர் பெண்டாட்டி ரோஸ்விதா.

தலையில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு அடுப்படியில் வெங்காயம் நறுக்கும் பெண்ணை நான் அந்த வீட்டில்தான் பார்த்தேன். ஜனவரியிலும் கூடத்து ஜன்னல், படுக்கையறை ஜன்னல், மாடிப்படி ஜன்னல் எல்லாம் ஆவென்று திறந்து கிடக்கும். வெண்ணெய் எப்போதும் கல். கேக் வெட்டுவதற்கு முன்னால் கையை உதறிக்கொள்ள வேண்டும். விருந்தாளிகள் கோட்டைக் கழற்றப் போனால் ரோஸ்விதா அவர்கள் கையைப் பிடித்துத் தடுப்பாள். மூடச் சொல்லி அவள் கேட்காமல் இல்லை. கேட்டால் லோமன் கெட்ட காற்றின் வகைகளைப் பற்றி விளக்கம் கொடுப்பார். விளக்கம் முடிவதற்குள் குளிரே தேவலை என்று ஆகிவிடும்.

ஆனால் ரோஸ்விதா மக்கு இல்லை. ஒருநாள் சந்தையிலிருந்து எட்டு டிஸ்கஸ் மீன்கள் வாங்கி வந்து பின்னறைத் தொட்டியில் விட்டாள். தட்டு மாதிரி வட்டமாக, பக்கவாட்டில் நசுங்கினாற்போல இருக்கும், ஆரஞ்சும் நீலமுமாகக் கோடு போட்ட மீன். அமேசான் பக்கத்து ஜாதி. குளிர் ஆகவே ஆகாது. தண்ணீர் இருபத்தொன்பது டிகிரி இருக்க வேண்டும், மேலே ஜில்லென்று காற்று அடித்தால் சுருண்டுவிடும். இதை லோமனே புத்தகத்தில் படித்து, லோமனே சத்தமாக அறிவித்தார்: "இந்த அறை ஜன்னலை யாரும் தொறக்கக் கூடாது." அவருக்கு மீன்கள் விஷயத்தில் சட்டம் என்றால் சட்டம்தான். அன்றிலிருந்து அந்தப் பின்னறை ஒன்றுதான் அந்த வீட்டில் மனிதர் உட்காரத் தக்க இடம்.

"மீன் மேல அப்படி என்னடி ஆசை?" என்று அவளிடம் கேட்டேன்.

"மீன் மேல யாருக்கு ஆசை? அந்த அறை மேலதான்" என்றாள். "முப்பது வருஷமா எனக்காக ஒரு ஜன்னல மூட மாட்டேன்னவன், எட்டு மீனுக்கு மூடிட்டான் பாரு."

பிறகு அந்த மீன்கள் மேலும் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. கைக்கு வந்து தின்னும். எட்டுக்கும் பேர் வைத்திருந்தாள், எல்லாம் அவள் சொந்தக்கார அத்தைகளின் பேர். மாலையானால் ஸ்வெட்டர்கூட இல்லாமல், காலை நீட்டிக்கொண்டு, குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டு அவற்றின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். லோமன் அந்த அறைக்குள் அதிகம் வர மாட்டார், புழுக்கம் தாங்காது என்பார். அதுவும் அவளுக்கு லாபம்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மண்ணைப் போட்டது எங்கள் ஊர் மீன்தொட்டிச் சங்கம். அந்தச் சங்கத்துக்கு லோமன் தலைவர். மாதத்தில் முதல் வியாழக்கிழமை என் விடுதியின் பின்கூடத்தில் கூடுவார்கள். மீனைப் பற்றிப் பேசுவது கால் மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் விதிமுறைகளைப் பற்றித்தான். போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைச் சரிபார்ப்பதற்கே இரண்டு பீர் ஆகும். எனக்கென்ன, வியாபாரம்.

குட்ரூன் ப்ரிங்க்மன் என்று ஓர் உறுப்பினர் இருந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை. அவள் வீட்டுத் தொட்டியில் காற்று மோட்டார் கிடையாது. செடியை நிறைய வளர்த்து, மீனைக் குறைவாக விட்டு, பேசாமல் இருந்தாள். மீன்களும் கொழுகொழுவென்று இருந்தன. அதுதான் லோமனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு கூட்டத்தில் அவள் எழுந்து, "தலைவரே, காத்தும் அளவுக்கு மேல போகலாம்னு நினைக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். லோமனுக்கு முகம் செத்துவிட்டது. சுரங்கத்தில் ஒருவன் இப்படிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே தரைக்கு மேலே அனுப்பியிருப்பார். இங்கே அப்படி முடியாதே. ஆகவே சங்கத்தில் ஒழுங்கு விவகாரம் பார்க்கிற கௌரவக் குழு கூடியது, சங்கத்தின் நல்ல பெயருக்குக் குந்தகம் என்று தீர்மானம் போட்டது, குட்ரூனை நீக்கியது. நீக்கியதற்கான கடிதத்தில் அவளுடைய எதிர்கால மீன் வளர்ப்புக்கு நல்வாழ்த்துகளும் சொல்லியிருந்தார்கள்.

சங்கத்தின் தொண்ணூறாவது ஆண்டு விழா வந்தது. என் சாப்பாட்டுக் கூடத்தில் பெரிய தொட்டி ஒன்று வைப்பதென்று முடிவு செய்தார்கள். என்னிடம் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது, தெரிவித்தார்கள். நான்கு பேர் உட்காரும் இரண்டு மேசைகள் போயின. தொட்டியில் என்ன மீன் விடுவது என்ற பேச்சு வந்ததும் லோமன் எழுந்து நின்று, "என் டிஸ்கஸ் எட்டையும் தர்றேன்" என்றார். கைதட்டல். அது யார் மீன் என்று எனக்குத் தெரியும், அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். பீர் கொண்டுபோன தட்டை மேசையில் கொஞ்சம் ஓங்கியே வைத்தேன். அதையும் கைதட்டல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் ரோஸ்விதா என் சமையலறைப் பக்கமாக வந்தாள். கழுத்தில் இரண்டு சுற்று சால்வை.

"உன்ன ஒரு வார்த்த கேட்டானா?" என்றேன்.

"காலைல பத்து மணிக்கு வாளில எடுத்துட்டுப் போனான். பத்தேகாலுக்கு அந்த அறை ஜன்னலத் தொறந்துட்டான். 'இத்தன வருஷத்துக் கெட்ட காத்து, ஒரு வாரமாவது ஆகும் போறதுக்கு'ங்கறான்."

"விழா முடிஞ்சா திரும்ப வந்துடும்ல?"

"உயிரோட இருந்தா வரும். வந்தா ஜன்னல மூடுவான். வரலன்னா..." சால்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். "வரலன்னா நான் இந்தக் குளிர்காலத்த அடுப்படில நின்னுக்கிட்டேதான் கழிக்கணும், மார்லீஸ்."

எட்டு மீன்கள் பிழைத்தால் அவளுக்கு ஒரு அறை. செத்தால் கம்பளித் தொப்பி. அறுபத்தெட்டு வயதில் ஒரு பெண்ணின் சுகம் எட்டு மீன்களின் செவுளில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு லோமன் மேல் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

லோமனோ என் நிலவறையில் இறங்கி வேலையைத் தொடங்கியிருந்தார். பீர்ப் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பீப்பாய். மேலே தொட்டியில் நிரம்பி வழிகிற தண்ணீர் குழாய் வழியாக அதில் விழும். சுரங்கத்திலிருந்து ஏலத்தில் வாங்கியது போலிருந்த ஒரு மோட்டார் அதை உறிஞ்சித் திரும்ப மேலே தள்ளும். இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மோட்டார் உறிஞ்சுகிற வாயில் ஒரு ஓட்டை போட்டு, அதில் காற்றுக் குழாயைச் செருகினார். மோட்டார் தண்ணீரையும் காற்றையும் சேர்த்து விழுங்கி, இரண்டையும் நசுக்கி, ஒரு மாடி உயரத்துக்குத் தள்ளியது.

சுவிட்சைப் போட்டதும் தொட்டித் தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. பெரிய பெரிய குமிழி இல்லை. பொடி, மாவு மாதிரி. கண்ணாடியில் ஒட்டியது, செடி இலையில் ஒட்டியது. மீன்கள் மேலும் ஒட்டியது. சங்கத்தார் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

"பாத்தியா மார்லீஸ்? மலைக்காத்து!" என்றார் லோமன். கண்ணில் தண்ணீர் வராத குறை.

"என் பீர் இந்த நிறத்துல வந்தா கீழ கொட்டிட்டுக் குழாயச் சரிபாப்பேன்" என்றேன்.

"மீனும் பீரும் ஒண்ணா?"

ஒன்றில்லைதான். பீருக்கு வலிக்காது.

மூன்றாம் நாளே மீன்கள் நடுத் தண்ணீரை விட்டு இறங்கின. எட்டும் தொட்டியின் அடியில், மூலையில் கிடந்த மரவேருக்குப் பக்கத்தில், மணலோடு மணலாக ஒடுங்கின. தின்ன மேலே வரவில்லை. லோமன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டியின் முன்னால் நின்று பார்த்தார். அந்த நிமிஷம் அவருக்குள் இருந்த மேஸ்திரி எழுந்துகொண்டார். சுரங்கத்தில் கெட்ட காற்று கனமானது, தரையில்தான் தேங்கும். தரையில் ஒருவன் சாய்ந்து கிடந்தால் அவனுக்குக் காற்றில்லை என்று அர்த்தம். அவர் இருபத்தெட்டு வருஷம் அப்படித்தான் கண்டுபிடித்தார், அப்படித்தான் காப்பாற்றினார்.

"அடியில மூச்சு முட்டிக் கிடக்குதுங்க. காத்து பத்தல" என்றார்.

அவசரக் கூட்டம் போட்டார்கள். இரண்டாவது காற்றுக் குழாய் செருகுவதென்று ஏகமனதாகத் தீர்மானம். ஒருவர் மட்டும் கை தூக்கத் தாமதித்தார், அவர் தூங்கிவிட்டிருந்தார்.

ரோஸ்விதா தினமும் மத்தியானம் வந்து தொட்டிக்கு எதிரே உட்காருவாள். கோட்டைக் கழற்ற மாட்டாள். கழற்றுகிற பழக்கமே விட்டுப்போய்விட்டது. உருளைக்கிழங்கு சாலட் கொண்டுபோய் வைத்தால் வைத்தபடியே இருக்கும். முதலில் செத்தது ஹில்டெகார்ட் அத்தை. ரோஸ்விதா அந்த மீனைத் துணியில் வைத்து, வாசிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"எக்கார்ட், இங்க வா. துடுப்புத் தோலுக்கு உள்ள பாரு. குமிழி. கண்ணு பிதுங்கியிருக்கு, அதுக்குள்ளயும் ஒரு குமிழி."

"காத்துக்கு அலைஞ்சு அலைஞ்சு கண்ணு பிதுங்கியிருக்கும்" என்றார் லோமன். மீனைப் பார்க்கவில்லை. அவர் பார்த்ததெல்லாம் தண்ணீரைத்தான். அது எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று. அன்று மாலை மோட்டாரை இன்னும் ஒரு திருகு கூட்டினார்.

இரண்டாவது அத்தையும் போன அன்று ரோஸ்விதா குட்ரூனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சங்கத்திலிருந்து நீக்கலாம், என் விடுதியிலிருந்து யார் நீக்குவது? குட்ரூன் தொட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் மூடி திறக்காத சோடா பாட்டில் ஒன்று கேட்டாள்.

"இதுல குமிழி தெரியுதா?"

"இல்ல" என்றாள் ரோஸ்விதா.

குட்ரூன் மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று பொங்கியது. "கீழ மோட்டாரு காத்த நசுக்கித் தண்ணிக்குள்ள திணிக்குது. மேல வந்ததும் அது இப்படி வெளிய வரப் பாக்குது. வெறும் தண்ணில வந்தா பரவால்ல. மீனு அந்தத் தண்ணியத்தான் செவுள்ல இழுக்குது. அதோட ரத்தத்துலயும் இதேதான் நடக்குது."

"அப்ப ஏன் அடியில கெடக்குதுங்க?"

"அடியில தண்ணியோட பாரம் ஜாஸ்தி. அந்தப் பாரம் இந்த மூடி மாதிரி, குமிழிய அமுக்கி வெக்கும். அதுங்க மயங்கிக் கெடக்கல ரோஸ்விதா. ஒளிஞ்சுக்கிட்டு இருக்குதுங்க."

லோமன் அப்போது உள்ளே வந்தார். தொட்டிக்குத் தூரமாக இருந்த ஜன்னலைத் திறந்தார். பிறகுதான் குட்ரூனைக் கண்டார். ரோஸ்விதா விஷயத்தைச் சொல்லத் தொடங்கினாள். அவர் கையை உயர்த்தினார்.

"விழாத் தொட்டி சங்கத்து விவகாரம். ப்ரிங்க்மன் அம்மா உறுப்பினர் இல்ல. கருத்துச் சொல்லணும்னா எழுத்து மூலமா, பதினாலு நாளைக்கு முன்னாடி குடுக்கணும்."

"விழா அடுத்த வாரம் சனிக்கிழம" என்றாள் குட்ரூன்.

"அப்படின்னா அடுத்த விழாவுக்குக் குடுங்க."

"நான் சொல்றேன்ல எக்கார்ட்!" என்றாள் ரோஸ்விதா. "என் மீனுதானே!"

"நீயும் உறுப்பினர் இல்லியே, கண்ணு" என்றார். அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. நிஜமாகவே விதியைத்தான் ஞாபகப்படுத்தினார். ரோஸ்விதா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். சால்வையைச் சுற்றிக்கொண்டு எழுந்து போனாள்.

அடுத்து வந்தது ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டு நேரம், கூடம் நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் ஞானஸ்நான விருந்து, இன்னொரு பக்கம் பழைய சுரங்கத்து ஆட்கள், என் அண்ணனும் அதில். லோமன் தொட்டியின் முன்னால் நின்று சங்கத்தாருக்கு விழா உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ரோஸ்விதா என்னிடம் வந்து நிலவறைச் சாவியைக் கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கொடுத்தேன்.

கீழே ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் உறுமல் நின்றது.

லோமன் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. சுரங்கத்தில் பெரிய விசிறி நின்றால் ஒரே ஒரு விதிதான், எல்லாரும் வெளியேற வேண்டும், கேள்வி கிடையாது. அது அவருக்கு மூளையில் இல்லை, எலும்பில் இருந்தது.

"காத்து நின்னுடுச்சு! எல்லாரும் வெளிய! எதையும் எடுக்காதீங்க, வெளிய!"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. என் அண்ணன் கேட்டிருக்கிறான். ஷ்னிட்சல் இறைச்சித் துண்டு குத்திய முள்கரண்டியைப் போட்டுவிட்டு முதலில் ஓடியவன் அவன்தான். மற்ற சுரங்கத்து ஆட்கள் அவன் பின்னால். அவர்கள் ஓடுவதைப் பார்த்து ஞானஸ்நான விருந்து ஓடியது. பாதிரியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார், குழந்தையின் அம்மா கேக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். இரண்டு நிமிஷத்தில் நாற்பது பேரும் தெருவில், மழையில். லோமன் கடைசி ஆளாகக் கழிப்பறைக் கதவையெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்து தலையை எண்ணினார். அந்த மனிதரைப் பார்த்து எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. கூடத்தில் ஒருவரையும் விடவில்லை. யாருக்கும் ஒரு ஆபத்தும் இல்லை.

அதற்குள் யாரோ தீயணைப்புப் படைக்குப் போன் செய்துவிட்டார்கள். இரண்டு வண்டி வந்தது. அதிகாரி ஒரு பெண், முப்பது வயதிருக்கும்.

"யார் ஆளுங்கள வெளிய அனுப்புனது?"

"நான்தான். காத்து நின்னுடுச்சு" என்றார் லோமன் விறைப்பாக.

"எந்தக் காத்து?"

லோமன் சுற்றிலும் பார்த்தார். நாற்பது பேர் நனைந்துகொண்டு அவர் வாயையே பார்த்தார்கள். "மீன் தொட்டிக் காத்து" என்றார்.

அந்தப் பெண் தன் டார்ச்சை எடுத்தாள். என்னைக் கூட்டிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். லோமனும் பின்னால் வந்தார். ரோஸ்விதா பீர்ப் பீப்பாய் மேல் உட்கார்ந்திருந்தாள், கோட்டும் தொப்பியுமாக. மடியில் மோட்டாரின் பிளக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ரோஸ்விதா! அதுங்க செத்துடும்! குடு அத!"

"குடுக்க மாட்டேன்."

"உனக்கு என்ன தெரியும் காத்தப் பத்தி?"

"முப்பத்தஞ்சு வருஷமா அதுலதானே குடியிருக்கேன்!" என்று கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அதிகாரிக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. ஈரத் தரையில் கிடந்த ஒயரைப் பார்த்தாள். ஓட்டை போட்ட மோட்டாரைப் பார்த்தாள். இதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட எலக்ட்ரீஷியன் யார் என்று கேட்டாள். யாருமில்லை. பையிலிருந்து சிவப்புச் சீட்டு ஒன்றை எடுத்து அந்தச் சுவர் பிளக்கின் மேல் ஒட்டி, கையெழுத்துப் போட்டாள். எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை இதை யாரும் தொடக் கூடாது. என்னையும் இரண்டு திட்டு திட்டினாள், வாங்கிக்கொண்டேன்.

எலக்ட்ரீஷியனுக்கு விழாவுக்கு முன்னால் நேரமில்லை. லோமன் அந்தச் சிவப்புச் சீட்டின் முன்னால் போய் நிற்பார், திரும்பி வருவார். பெண்டாட்டி கேட்டால் மறுக்கலாம், குட்ரூன் சொன்னால் நீக்கலாம். முத்திரை போட்ட காகிதத்தைக் கிழிக்க அவரால் முடியாது. அது அவர் ஜாதகத்திலேயே இல்லை. அவர் நிலவறையில் நிற்கிற நேரமாகப் பார்த்துக் குட்ரூன் ஒரு சின்ன ஃபில்டரைக் கொண்டுவந்து, கூடத்திலேயே தொட்டி ஹீட்டருக்குப் பக்கத்துப் பிளக்கில் செருகிவிட்டுப் போனாள். தண்ணீரை மெதுவாக அசைக்கும், சத்தமில்லை. சங்கத்தில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. குமிழி வராத பொருள் எதுவும் அவர்கள் கண்ணில் படாது.

திங்கள்கிழமை தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. செவ்வாய்க்கிழமை எர்மெந்த்ரூட் அத்தை வேரை விட்டு ஒரு சாண் மேலே வந்தாள். புதன்கிழமை ஆறும் நடுத் தண்ணீரில். ஒன்றுக்கு மட்டும் ஒரு கண் மங்கிவிட்டது, அது திரும்பவில்லை. ரோஸ்விதா கையைத் தண்ணீருக்குள் விட்டாள். அந்த ஒற்றைக் கண்ணிதான் முதலில் வந்து விரலிலிருந்து கொசுப்புழுவை எடுத்துத் தின்றது. ரோஸ்விதா என் சாப்பாட்டுக் கூடத்தில், வாடிக்கையாளர்கள் பார்க்க, கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

சனிக்கிழமை விழாவில் லோமன் பேசினார். சங்கம் ஒரு புதிய முறையைக் கண்டுபிடித்திருக்கிறதாம். முதலில் பலமான காற்று, பிறகு திட்டமிட்ட ஓய்வு. "இதோ, பலனை நீங்களே பார்க்கிறீர்கள்" என்று தொட்டியைக் காட்டினார். கைதட்டல் அடங்க நேரமானது. காற்றுக்கு ஆற்றிய சேவைக்காக என்று எழுதிய பித்தளைத் தட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். செத்த இரண்டு மீன்களும் ஓய்வு கொடுப்பதற்கு முன்பே பலவீனமாக இருந்தவை என்று நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. குட்ரூன் திரும்பச் சேர விண்ணப்பித்தால் பரிசீலிப்பதாகவும் பெரிய மனதோடு சொன்னார்கள். அவள் விண்ணப்பிக்கவில்லை. ரோஸ்விதாவின் பெயரை யாரும் சொல்லவில்லை, அவள் உறுப்பினர் இல்லையே. எனக்கு அந்தப் பித்தளைத் தட்டைப் பிடுங்கி அவர் தலையில் ஒன்று போடலாமா என்று இருந்தது. ரோஸ்விதா என் கையை அழுத்தினாள்.

"விடுடி. நாளைக்குக் காலைல மீனு வீட்டுக்கு வருது. ஜன்னல மூடியாச்சு, நானே பாத்துட்டு வந்தேன்."

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிறது. லோமன் இன்னும் தலைவர்தான், இன்னும் என் ஜன்னலைத் திறந்துகொண்டுதான் இருக்கிறார். டிஸ்கஸ்களுக்கும் வயதாகுமே. ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. போன ஜனவரியில், கொட்டுகிற பனியில், ரோஸ்விதாவைப் பார்க்கப் போனேன். கூடத்தில் மூச்சு விட்டால் புகை வந்தது. பின்னறையில் அவள் அரைக்கைச் சட்டையோடு, காலை நீட்டி, குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது. தொட்டியில் செடி தளதளவென்று இருந்தது, பெரிய வேர் ஒன்று. நான் எங்கே குனிந்து பார்த்தும் மீன் ஒன்றும் தெரியவில்லை.

"எங்கடி அத்தைங்க?"

அவள் உதட்டில் விரலை வைத்தாள். "ஒத்தக் கண்ணிதான் கடைசி. நவம்பர்ல போயிடுச்சு" என்றாள் மெல்ல. கண் கலங்கியிருந்தது. "தோட்டத்துல புதைச்சேன்."

"அவருக்குத் தெரியாதா?"

பதில் சொல்வதற்குள் காலடிச் சத்தம் கேட்டது. லோமன் கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை நீட்டினார். புழுக்கத்துக்கு மூக்கைச் சுளித்தார். தொட்டியைப் பார்த்தார். தண்ணீரைத்தான்.

"மீனெல்லாம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. வேருக்குப் பின்னாடி இருக்கு" என்றாள் ரோஸ்விதா, குறுக்கெழுத்திலிருந்து தலையைத் தூக்காமல். "கதவச் சாத்திட்டுப் போ எக்கார்ட், அதுங்களுக்குக் குளுரும்."